உறையில் காத்திருக்கும் கைத்துப்பாக்கி: ட்ரிகர் வளர்ந்த கதை

ஒரு காவலரின் இடுப்பில் கைத்துப்பாக்கி பணி ஓய்வு வரைக்கும் தொங்குகிறது. பயிற்சி மைதானத்தைக் கழித்துவிட்டால், அது வேலை செய்யும் நேரம் சில நொடிகள் தேறினாலே அதிகம். ஒரு குண்டுகூடச் சுடாமல் ஓய்வு பெறுகிறவர்கள் ஏராளம். மற்ற நேரமெல்லாம் அந்தத் துப்பாக்கி சும்மா இருக்கிறது. ஜீப்பில் குலுங்குகிறது, நாற்காலிக் கையில் இடிக்கிறது, சில சமயம் கீழே விழுகிறது.

ட்ரிகரைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாகச் சுடும் அந்த நொடியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எவ்வளவு மிருதுவாக இருக்கிறது, எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும், எங்கே விடுபடுகிறது என்று. எனக்கு என்னவோ அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் நூற்று முப்பது வருட வடிவமைப்பை நடத்தியிருக்கிறது என்று படுகிறது. சேம்பரில், அதாவது குழலின் பின்முனை அறையில், தோட்டா ஏறிவிட்டது. இனி இந்தப் பொறி எந்த நிலையில் காத்திருக்க வேண்டும்? ஸ்பிரிங் முழுக்க இழுபட்டா, பாதி இழுபட்டா, தளர்ந்தா? தவறி வெடிக்காமல் காவல் காப்பது எது: கட்டைவிரலா, உள்ளங்கையா, சுட்டுவிரலா? செமி ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கிகளின் ட்ரிகர்களை இந்தக் கேள்வியோடு வரிசையாகப் பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரியும்.

நான் சுடுகிறவன் இல்லை. கார் கதவுப் பூட்டுகள் வடிவமைக்கும் வேலையில் இருப்பவன். ஒரு கொக்கி, அதைப் பிடித்திருக்கும் ஒரு பல், இரண்டுக்கும் ஸ்பிரிங், பல்லை விலக்க ஒரு நெம்புகோல். துப்பாக்கியின் ட்ரிகர் பகுதியும் அச்சாக இதுதான் என்று ஒருநாள் பழைய காப்புரிமை வரைபடம் ஒன்றைப் பார்த்தபோது உறைத்தது. அன்றிலிருந்து இந்தப் பைத்தியம். நம் ஊரில் லைசென்ஸ் என்பது பெரிய படலம், அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. வரைபடங்கள், வெட்டுத்தோற்றங்கள், வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகள், இவ்வளவுதான் என் படிப்பு.

முதலில் ரிவால்வர். டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் எல்லா வேலையையும் விரலே செய்கிறது. ட்ரிகரை இழுக்க இழுக்க உருளை சுழல்கிறது, ஹாமர் என்ற சுத்தி பின்னால் போகிறது, கடைசியில் விடுபட்டு முன்னால் அடிக்கிறது. கிட்டத்தட்ட 5 கிலோ இழுவை, நீளமான பயணம். அந்தக் கனம்தான் அதன் பாதுகாப்பும். ஸ்பிரிங் தளர்ந்தே இருக்கிறது. யாரும் இழுக்காமல் அதற்குள் சக்தி ஏறாது.

தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாயிற்று. குண்டு வெடித்த வேகத்தில் ஸ்லைடு என்ற நகரும் மேல்பாகம் பின்னால் போகிறது, காலித் தோட்டா உறையைத் துப்புகிறது, ஹாமரை மடக்கிவிடுகிறது, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. ஸ்பிரிங்கை இழுக்கும் பாரம் விரலிடமிருந்து வெடிமருந்துக்குப் போய்விட்டது. விரலுக்கு மிச்சம் இருப்பது சியரை, அதாவது ஹாமரைப் பிடித்திருக்கும் பல்லை, விலக்கும் வேலை மட்டும். நன்றாகச் சீர் செய்த ஒரு 1911 மாதிரி அமெரிக்க ராணுவத் துப்பாக்கியில் ஹாமரின் கொக்கி சியர்மேல் உட்கார்ந்திருக்கும் உயரம் அரை மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். சுடுகிறவனுக்கு அது சுகம். மெல்லத் தொட்டால் போதும். உறையில் வைத்து நடக்கிறவனுக்கு அதே அரை மில்லிமீட்டர் வயிற்றைக் கலக்கும் விஷயம்.

இன்னொரு சிக்கலும் கூடவே வந்தது. ஸ்லைடு போய்த் திரும்ப ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் எந்த மனிதனாலும் விரலை எடுக்க முடியாது. ஸ்லைடு திரும்பி வரும்போதும் ட்ரிகர் அழுந்தியேதான் இருக்கிறது. ட்ரிகருக்கும் சியருக்கும் நேரடித் தொடர்பு அப்படியே இருந்தால் சியரால் ஹாமரைப் பிடிக்கவே முடியாது. ஆகவே நடுவில் ஒரு இணைப்பு அறுபட வேண்டும், விரல் விட்ட பிறகு தானாக மறுபடி சேர வேண்டும். இந்த வேலைக்கு வந்த துண்டுதான் டிஸ்கனெக்டர்.

அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் அந்த 1911 துப்பாக்கியில் இதை முடித்த விதத்தை வரைபடத்தில் பார்த்தால் கை தானாகக் கும்பிடும். ஒரு சின்ன எஃகுத் துண்டு, மேல் நுனி வட்டமாக மழுங்கியது, பிடிச்சட்டத்திலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்லைடின் அடிப்புறத்தில் அதற்கென்று ஒரு குழி. ஸ்லைடு சரியாக மூடியிருக்கும்போது மட்டும் நுனி அந்தக் குழிக்குள் ஏறும். அப்போதுதான் ட்ரிகரின் தள்ளு சியரை எட்டும். ஸ்லைடு இம்மி பின்னால் நகர்ந்தாலும் நுனி கீழே அமுக்கப்படும், தொடர்பு அறும். இதனால் ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு என்பது உறுதியாகிறது. அதோடு, ஸ்லைடு முழுதாக மூடாத நிலையில் சுடவும் முடியாது. ஒரே துண்டு, இரண்டு காவல். எங்கள் தொழிலில் இப்படி ஒரு பாகத்தை இரண்டு வேலைக்கு வைத்து வரைந்தால் மேலாளர் தேநீர் வாங்கிக் கொடுப்பார்.

சரி, வரிசைக்கு வருவோம். 1893-ல் ஹ்யூகோ போர்ச்சார்ட் வடிவமைத்தது, 1896-ன் மௌசர், பிறகு லூகர். இவை எல்லாமே முழுக்க இழுபட்ட ஸ்பிரிங்கோடு காத்திருப்பவை. ஒரு நெம்புகோலைத் தட்டினால் பூட்டு, மறுபடி தட்டினால் திறப்பு. மௌசரின் உள்பாகங்கள் ஒரே தொகுப்பாகக் கையோடு வெளியே வரும். அதற்குள் திருகாணி ஒன்றுகூடக் கிடையாது. பார்க்க அழகு. லூகரின் ட்ரிகர் எனக்குப் பிடிக்காது. அதன் சியர், நகரும் குழல் பகுதியின் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. ட்ரிகரோ நகராத சட்டத்தில். பின்னோக்கி இழுக்கும் விரலின் அசைவை, பக்கவாட்டுத் தகட்டுக்குள் இருக்கும் ஒரு வளைந்த நெம்புகோல் குறுக்கே திருப்பி அனுப்புகிறது. திருப்பம் கூடக் கூட உராய்வு கூடும், விரலுக்குத் தெளிவு குறையும். லூகர் வெளியிலிருந்து கைக்கடிகாரம்போல் இருந்தாலும் ட்ரிகர் மட்டும் கொழகொழவென்று இருப்பதாகச் சுட்டவர்கள் சொல்வதற்குக் காரணம் இந்தச் சுற்றுவழிதான்.

நான் நிறுத்தி நிதானமாகப் பார்க்கச் சொல்வது 1907-ஐ. ஜெர்மன் ராணுவம் லூகரை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு வருடம் முன்பே, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ராணுவம் தன் குதிரைப்படைக்கு ரோத்-ஸ்டெயர் என்ற கைத்துப்பாக்கியை எடுத்தது. 8 மில்லிமீட்டர் தோட்டா, கழற்ற முடியாத மேகசின் (தோட்டாப் பெட்டி), மேலிருந்து கிளிப் வைத்து 10 தோட்டாக்களை உள்ளே தள்ள வேண்டும். இதையெல்லாம் மறந்துவிடலாம். ட்ரிகரைப் பாருங்கள். இதில் ஹாமர் இல்லை, ஸ்ட்ரைக்கர் என்ற ஊசி நேராகப் பாய்ந்து தோட்டாவை அடிக்கும். குழலை மூடும் போல்ட் முன்னால் வந்து மூடும்போது ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் பாதிதான் இழுபட்டு நிற்கும். ட்ரிகரை இழுத்தால் முதலில் அது மீதி தூரத்தை இழுக்கும், பிறகு விடும். கட்டைவிரலால் தட்டும் சேஃப்டி எதுவும் கிடையாது.

காரணம் குதிரை. ஒரு கையில் கடிவாளம், இன்னொரு கையில் துப்பாக்கி, கீழே மிரளக்கூடிய ஒரு மிருகம். முழுக்க இழுபட்ட லேசான ட்ரிகரோடு ஒருவன் குதிரைமேல் இருந்தால், குதிரை துள்ளும் கணத்தில் விரல் தானாகச் சுருங்கும். கட்டைவிரல் சேஃப்டி வைத்தால் அதைத் தட்ட மறப்பான், அல்லது தட்டியதை மறப்பான். ஆகவே ட்ரிகரையே கொஞ்சம் கனமாக்கு, கொஞ்சம் நீளமாக்கு, வேண்டுமென்றே இழுத்தால் மட்டும் சுடும்படி செய். பாதி வேலை பொறிக்கு, பாதி வேலை விரலுக்கு. கரேல் கிர்ங்கா போன்ற பொறியாளர்களின் கை இதில் உண்டு. எவ்வளவு நிதானமான பதில்! உலகமோ இதைக் கண்டுகொள்ளாமல் எழுபத்தைந்து வருடம் வேறு வழிகளில் சுற்றிவிட்டு வந்தது.

அந்தச் சுற்றில் முதல் பெரிய நிறுத்தம் அமெரிக்கா. அங்கேயும் குதிரைப்படைதான் கேட்டது. பிரௌனிங்கின் வடிவமைப்பில் ஏற்கெனவே பிடியின் பின்புறத்தில் ஒரு சேஃப்டி இருந்தது: உள்ளங்கை அழுத்தாமல் ட்ரிகர் நகராது. அது போதாது என்று ராணுவம் கருதியது. 1910-ம் ஆண்டு மாதிரிக்குப் பிறகு கட்டைவிரல் நெம்புகோலும் சேர்ந்தது. 1911 மார்ச் மாதம் அந்தத் துப்பாக்கி ஏற்கப்பட்டது. ஹாமர் முழுக்க மடங்கி, கட்டைவிரல் பூட்டு மேலே, உள்ளங்கைப் பூட்டு பின்னால். முழு சக்தியும் ஏறிய நிலையில் காத்திருக்கலாம், காவலுக்கு இரண்டு ஆட்கள்.

இதன் ட்ரிகர் அச்சில் சுழல்வதில்லை. மேகசினைச் சுற்றி வளைத்த ஒரு தகட்டு வளையத்தோடு நேர்க்கோட்டில் பின்னால் நகர்கிறது. திருப்பம் இல்லை, வளைவு இல்லை. இன்றுவரை போட்டிகளில் சுடுகிறவர்கள் இந்த ட்ரிகரை விட்டுக்கொடுக்காததற்கு அந்த நேர்க்கோடுதான் பெரிய காரணம். முதல் உலகப் போரில் சிறிய கைக்காரர்களுக்கு ட்ரிகர் எட்டவில்லை என்ற புகார் வந்தது. 1920-களில் வந்த 1911ஏ1-ல் ட்ரிகரைக் குட்டையாக்கி, அதன் பின்னால் சட்டத்தில் இருபுறமும் விரலுக்கு இடம்விட்டுச் செதுக்கினார்கள். ஆனால் ஒரு ஓட்டை பல காலம் அடைபடவில்லை. துப்பாக்கி வாய் கீழாக விழுந்தால், ஹாமர் அசையாமலேயே, தோட்டாவைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் தன் பாரத்தால் முன்னால் பாய வாய்ப்புண்டு. 1980-களில் கோல்ட் நிறுவனம் ட்ரிகரை இழுத்தால் மட்டும் பின் நகரும்படி ஒரு தடுப்பை வைத்தது. உடனே ட்ரிகரின் மிருதுத்தன்மை கெட்டுவிட்டது என்று ரசிகர்கள் மூக்கைச் சிந்தினார்கள். அந்த அழுகை இன்னும் ஓயவில்லை.

இதே காலத்தில் ஐரோப்பாவில் இன்னொரு யோசனை ஓடியது. போஹீமியாக்காரர் அலோய்ஸ் தோமிஷ்கா, ரிவால்வரின் டபுள் ஆக்‌ஷனைச் சின்னஞ்சிறு செமி ஆட்டோமேட்டிக்குக்குள் புகுத்தினார். ‘லிட்டில் டாம்’ என்ற பெயரில் அது விற்பனைக்கும் வந்தது. ஆனால் அந்த யோசனையை ஊரறியச் செய்தது ஜெர்மனியின் வால்தர். 1929-ல் வந்த வால்தர் பிபி, பெயரிலேயே போலீஸ் துப்பாக்கி. தோட்டாவை ஏற்று, நெம்புகோலைத் தட்டு, ஹாமர் பத்திரமாகக் கீழே இறங்கிவிடும். இப்போது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. தேவைப்படும்போது ரிவால்வரைப்போல் நீளமாக, கனமாக ஒரு இழுப்பு. அதற்கு மேல் ஸ்லைடு ஹாமரை மடக்கிக் கொடுத்துவிடுவதால் அடுத்த குண்டுகளுக்கு லேசான, குட்டையான இழுப்பு. 1938-ல் ஜெர்மன் ராணுவத்தின் பி38, போருக்குப் பின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 39, 1970-களில் பெரெட்டா 92, சிக்-சாவர் பி220 என்று ஒரு பரம்பரையே இதிலிருந்து கிளைத்தது. பெரெட்டாவை 1985-ல் அமெரிக்க ராணுவம் எடுத்தபோது 1911-ன் நீண்ட ஆட்சி முடிந்தது.

காத்திருக்கும் நிலையில் இதைவிட நிம்மதி இல்லை. சுடும்போதுதான் கூத்து. முதல் குண்டுக்கு 5 கிலோவுக்கும் மேல், இரண்டாவது குண்டுக்கு அதில் பாதி. ட்ரிகர் நிற்கும் இடமும் மாறுகிறது. வேலை விஷயமாகப் பிராக் போயிருந்தபோது, பயிற்றுநர் பக்கத்திலேயே நின்று சுடவிடும் ஒரு மைதானத்துக்கு நானும் கோவைக்காரத் தம்பி ஒருவரும் போனோம். கையில் கொடுத்தது செக் நாட்டுக்காரர்களின் செல்லப்பிள்ளை சிஇசட் 75. டபுள் ஆக்‌ஷனில் என் முதல் குண்டு தாளின் அடியோரத்தில் போய் இறங்கியது. பாரத்தை இழுத்து முடிப்பதற்குள் குழல் தலையைக் கவிழ்த்துவிட்டது. அந்த அழுத்தத்திலேயே இரண்டாவதை இழுக்கப் போக, நான் எதிர்பார்ப்பதற்கு முன்பே அது வெடித்தது. தம்பி அடுத்து சுட்டுவிட்டுத் திரும்பி, “ஏனுங்ணா, முதல் குண்டுக்கு ஒரு துப்பாக்கி, ரெண்டாவதுக்கு வேற துப்பாக்கியா குடுத்திருக்காங்க?” என்றார். இந்த வகை ட்ரிகரைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எங்கேயும் படித்ததில்லை.

சிஇசட் 75-ஐ வடிவமைத்த பிரான்டிசெக் கௌட்ஸ்கி ஒரு தந்திரம் செய்திருந்தார். விரும்பினால் ஹாமரைக் கீழே இறக்கி டபுள் ஆக்‌ஷனில் வைத்துக்கொள், விரும்பினால் மடக்கியே வைத்து 1911-போல் பூட்டிக்கொள். இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடும் வடிவமைப்பு.

பிரௌனிங்கின் கடைசிக் கைத்துப்பாக்கியான ஹை-பவரை இங்கே ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம். 1926-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், எஃப்என் ஆயுதத் தொழிற்சாலையிலேயே அவர் உயிர் பிரிந்தது. மீதியை தியுதோனே சேவ் முடித்து 1935-ல் வெளியே கொண்டுவந்தார். நம் ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்திய இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியின் 9 எம்எம் ‘1ஏ’ பிஸ்டல் இதன் வழித்தோன்றல்தான், ஆகவே நம்மூர் வாசகர்களில் பலர் அறியாமலே இதைப் பார்த்திருப்பீர்கள். இரட்டை வரிசை மேகசின் பிடியை அடைத்துக்கொண்டதால், 1911-ன் வளையத் தகடு இதில் நுழையவில்லை. ட்ரிகர் ஒரு குச்சியை மேலே தள்ள, அது ஸ்லைடுக்குள் இருக்கும் நெம்புகோலைச் சாய்க்க, அதன் மறுமுனை சியரைக் கீழே அழுத்துகிறது. போதாக்குறைக்கு, மேகசினைக் கழற்றினால் சுடக்கூடாது என்ற நிபந்தனைக்காக ட்ரிகரில் ஒரு துண்டைப் பொருத்தினார்கள். அது மேகசினின் முன்முகத்தில் உரசிக்கொண்டே நகரும். ஒவ்வொரு இழுப்பிலும் மணல் நெரிவதுபோல் ஒரு கரகரப்பு. பாதுகாப்புக்காகச் சேர்த்த ஒன்று இழுவையைக் கெடுப்பதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் எனக்குத் தெரியாது.

1970-களில் மேற்கு ஜெர்மனி. மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்குப் பின், பயங்கரவாதத்தை எதிர்கொள்ள காவல்துறைக்குப் புதிய துப்பாக்கி தேடினார்கள். நிபந்தனை கறாரானது: உறையிலிருந்து எடுத்தால் எந்த நெம்புகோலையும் தட்டாமல் உடனே சுட வேண்டும், ஆனால் கீழே விழுந்தால் சுடக்கூடாது. பி5, பி6, பி7 என்று மூன்று துப்பாக்கிகள் தேறின. முதல் இரண்டும் டபுள் ஆக்‌ஷன் குடும்பம். மூன்றாவது, ஹெக்லர் அண்ட் கோக் தந்த பி7, யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது.

பி7-ல் பிடியின் முன்பக்கம் முழுவதும் ஒரு நெம்புகோல். மூன்று விரல்களால் அதை அழுத்திப் பிடித்தால் ஸ்ட்ரைக்கர் இழுபட்டு நிற்கும். அழுத்துவதற்கு சுமார் 7 கிலோ தேவை, அழுத்திய பிறகு பிடித்துக்கொண்டிருக்கக் கொஞ்சம் பலமே போதும். கையைத் தளர்த்தினால் உடனே ஸ்பிரிங் தளர்ந்துவிடும். ட்ரிகர் எப்போதும் ஒரே மாதிரி: லேசு, குட்டை, முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் வித்தியாசமே இல்லை. துப்பாக்கி கையிலிருந்து நழுவும் கணத்திலேயே பிடி தளர்ந்து, தரையைத் தொடும்முன் அது செத்த பொறியாகிவிடுகிறது. சேஃப்டி போட மறப்பது, எடுக்க மறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பிடித்தால் உயிர், விட்டால் இல்லை. காத்திருப்பு பற்றிய கேள்விக்கு மனிதன் எழுதிய மிக நேர்த்தியான விடை இது என்பேன், யார் சண்டைக்கு வந்தாலும் சரி.

ஆனால் விடை நேர்த்தியாக இருந்து என்ன, விலை கட்டவேண்டுமே. துல்லியமாகக் கடைய வேண்டிய பாகங்கள் அதிகம். குண்டின் வாயுவைச் சிலிண்டருக்குள் விட்டு ஸ்லைடைத் தாமதிக்கும் அமைப்பு என்பதால் தொடர்ந்து சுட்டால் ட்ரிகருக்கு மேலே சட்டம் கொதிக்கச் சூடேறிவிடும். பதற்றத்தில் கை இறுகும்போது, விரல் ஏற்கெனவே ட்ரிகரில் இருந்தால், பிடியும் ட்ரிகரும் சேர்ந்தே அழுந்தலாம் என்ற குறையும் உண்டு. 2008 வாக்கில் உற்பத்தி நின்றது. அதற்கு வெகு முன்பே சந்தையை இன்னொருவர் அள்ளிக்கொண்டு போயிருந்தார்.

வியன்னாவுக்குப் பக்கத்தில் டாய்ச்-வாக்ராம் என்ற ஊரில் காஸ்டன் குளோக் திரைச்சீலைக் கம்பிகள் செய்துகொண்டிருந்தார். ராணுவத்துக்குக் கத்தி, மண்வெட்டி. துப்பாக்கி செய்தவரே இல்லை. ஆஸ்திரிய ராணுவம் புதுத் துப்பாக்கி தேடுகிறது என்று தெரிந்ததும் இறங்கினார், 1982-ல் ஒப்பந்தம் அவருக்கு. மொத்தம் 34 பாகங்கள்தான். பிளாஸ்டிக் சட்டத்தைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அதில் அவர் முதல் ஆளும் இல்லை, ஹெக்லர் அண்ட் கோக்கின் விபி70 அதை 1970-லேயே செய்துவிட்டது. அதன் ட்ரிகர் அவ்வளவு கனம், யாரும் சீந்தவில்லை.

குளோக்கின் சாமர்த்தியம் ட்ரிகரில். ஸ்லைடு மூடும்போது ஸ்ட்ரைக்கரின் வால் ஒரு சிலுவை வடிவத் தகட்டில் மாட்டிக்கொள்கிறது, ஸ்பிரிங் பாதி இழுபட்டு நிற்கிறது. விரல் இழுக்கும்போது அந்தத் தகடு ஸ்ட்ரைக்கரை இன்னும் பின்னால் கொண்டுபோகிறது. வழியில் ஃபயரிங் பின் தடுப்பை மேலே தள்ளி விலக்குகிறது. கடைசியில் கனெக்டர் என்ற ஒரு வளைந்த தகட்டின் சரிவில் ஏறி, கீழே அமுங்கி, ஸ்ட்ரைக்கரை விட்டுவிடுகிறது. அந்தத் தகட்டின் கோணத்தைச் சற்று மாற்றினால் இழுவையின் கனமே மாறும். வழக்கமாக 2.5 கிலோ, முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் ஒன்றே. கட்டைவிரல் சேஃப்டி கிடையாது. பாதி பொறிக்கு, பாதி விரலுக்கு. குதிரைப்படைக்கு எழுதிய அதே விடையை, அதே நாட்டிலிருந்து ஒருவர் அச்சு வார்ப்புப் பாகங்களில் எழுதிக் கொடுத்துவிட்டார். அதை அவர் பார்த்துத்தான் செய்தாரா என்பது இங்கே முக்கியமில்லை. நல்ல விடை இருந்தால் யாராவது திரும்ப வந்து அதில் முட்டத்தான் செய்வார்கள்.

ட்ரிகரின் முகத்தில் இருக்கும் அந்தக் குட்டி நாக்கைப் பலர் கேலி செய்வார்கள். விரல் வைத்தால் தானாக அமுங்கிவிடும், இது என்ன சேஃப்டி என்று. அது விரலைத் தடுக்க வைத்ததே இல்லை. துப்பாக்கி விழுந்து மோதும்போது ட்ரிகர் தன் சொந்தப் பாரத்தால் பின்னால் போகாமல் தடுக்க வைத்தது. இந்த நாக்கின் அருமை 2017-ல்தான் பலருக்குப் புரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நியூயார்க் காவல்துறை 1993-ல் ரிவால்வரிலிருந்து செமி ஆட்டோமேட்டிக்குக்கு மாறியது. காலமெல்லாம் கனமான ட்ரிகரில் பழகிய ஆட்கள் கையில் 2.5 கிலோ ட்ரிகரைக் கொடுக்க அதிகாரிகளுக்குப் பயம். தவறுதலாக வெடித்தால்? ஆகவே ஸ்பிரிங்கை மாற்றி 12 பவுண்டு ஆக்கினார்கள், நம் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்தரைக் கிலோ. ‘நியூயார்க் ட்ரிகர்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுள்ள பொருளை ஐந்தரைக் கிலோ பாரத்தால் இழுத்தால், ஒன்று விரல் நகர வேண்டும், இல்லையேல் துப்பாக்கி நகர வேண்டும். 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அருகே, சற்றுமுன் ஒருவரைச் சுட்டுக் கொன்றவனை எதிர்கொண்ட இரண்டு காவலர்கள் 16 குண்டுகள் சுட்டார்கள். வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் காவலர்களின் குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும் காயமடைந்தார்கள். பழியை ட்ரிகர்மேல் மட்டும் போட முடியாது. கூட்டம் நிறைந்த நடைபாதை, எதிரே ஆயுதம், சில நொடிகள். ஆனாலும் கனமான ட்ரிகர் யாருக்குப் பாதுகாப்பு என்ற கேள்வி அதற்குப் பிறகு உரக்கக் கேட்டது. 2021-ல் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு லேசான ட்ரிகர் என்று அந்தத் துறை முடிவெடுத்தது.

இனி அந்த 2017. சிக்-சாவர் பி320-ல் ஸ்ட்ரைக்கர் பாதியில் நிற்பதில்லை, ஏறக்குறைய முழுக்க இழுபட்டே காத்திருக்கிறது. அதனால் ட்ரிகர் தெளிவாக, சுருக்கென்று இருக்கும். நாக்கு இல்லை, வெற்று வளைந்த ட்ரிகர். அந்த வருடம் ஜனவரியில் இதன் ஒரு வடிவத்தை அமெரிக்க ராணுவம் எம்17 என்று தேர்ந்தெடுத்தது. கோடையில், குறிப்பிட்ட கோணத்தில் ஸ்லைடின் பின்புறம் தரையில் படும்படி விழுந்தால் பி320 வெடிக்கிறது என்று வெளியாட்கள் செய்த சோதனைகள் வெளிவந்தன. ஆகஸ்டில் நிறுவனம் இலவச மேம்பாட்டை அறிவித்தது. மாற்றிய பாகங்களில் முதன்மையானது ட்ரிகர். எடை குறைந்த ட்ரிகர், எடை குறைந்த சியர், எடை குறைந்த ஸ்ட்ரைக்கர், கூடவே ஒரு டிஸ்கனெக்டர்.

எடையைக் குறைத்தது ஏன்? துப்பாக்கி பின்பக்கமாக விழுந்து சட்டென்று நிற்கிறது. சட்டம் நின்றுவிட்டது, ட்ரிகர் நிற்கவில்லை. வந்த வேகத்திலேயே பின்னோக்கிப் போகப் பார்க்கிறது. ட்ரிகர் கனமாக இருந்தால், அந்தப் பாய்ச்சல் ஒரு விரல் இழுத்ததற்குச் சமம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது. எங்கள் தொழிலில் இது பாலபாடம். ஒரு காரின் பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் கதவு உள்ளே தள்ளப்படுகிறது, வெளிக் கைப்பிடியோ தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கதவின் பார்வையில் யாரோ கைப்பிடியை வெளியே இழுத்த மாதிரி. பூட்டு திறந்துகொள்ளும், உள்ளே இருப்பவர் வெளியே விழுவார். அதனால் கைப்பிடிக்குப் பின்னால் எதிர் எடை ஒன்றை வைப்போம், இல்லாவிட்டால் மோதலின்போது மட்டும் குறுக்கே விழும் ஒரு தடுப்பை வைப்போம். எடையைக் குறைப்பது, எதிர் எடை வைப்பது, குறுக்கே நாக்கு வைப்பது. இந்த மூன்றைத் தவிர நாலாவது வழி எங்களுக்கும் தெரியாது, துப்பாக்கிக்காரர்களுக்கும் தெரியாது. குளோக் நாக்கைத் தேர்ந்தெடுத்தார். சிக் எடையைக் குறைத்தது. பி320 ட்ரிகரைத் தொடாமலேயே வெடிக்கிறது என்று அதற்குப் பிறகும் வழக்குகள் வந்தபடி இருக்கின்றன. நிறுவனம் மறுத்தபடி இருக்கிறது. சில நீதிமன்றங்களில் ஜூரிகள் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

ராணுவத்துக்குப் போன எம்17-ல் கட்டைவிரல் சேஃப்டி உண்டு, ராணுவம் கேட்டு வாங்கியது. பொதுச் சந்தைக்கும் காவல்துறைகளுக்கும் போன பி320-களில் பெரும்பாலும் இல்லை. இப்போது அமெரிக்காவில் இரட்டை வரிசை மேகசின் போட்ட 1911 பாணித் துப்பாக்கிகளைச் சில காவல் அணிகள் மறுபடி எடுக்கத் தொடங்கியிருக்கின்றன, கட்டைவிரல் நெம்புகோலும் உள்ளங்கைப் பூட்டுமாக. அவற்றின் ட்ரிகரைத் தொட்டவர்கள் வேறெதற்கும் திரும்புவதில்லை என்கிறார்கள். நம்புகிறேன். ஆனால் பதற்றத்தில் கட்டைவிரல் தன் வேலையைச் செய்யும் என்று நம்புவதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதை அந்த விளம்பரங்கள் சொல்வதில்லை.

என்னை வரையச் சொன்னால் பி7-ஐத்தான் வரைய ஆசை. ஆனால் விலை கேட்டதும் மேலாளர் தாளைக் கிழித்துவிடுவார். ஆகவே பாதி இழுபட்ட ஸ்ட்ரைக்கர், இரண்டரைக் கிலோ இழுவை, ட்ரிகரில் நாக்கு, நேர்க்கோட்டில் நகரும் ட்ரிகர் என்று வரைந்து கொடுப்பேன். இதில் எதற்கும் புதிதாகக் காப்புரிமை கிடைக்காது என்பதால் அப்போதும் திட்டுத்தான் விழும்.